குங்கிலியம் தின்ற கார்

கார் கெட்டுப்போனால் ஒருவர் அடியில் படுக்க வேண்டும், இன்னொருவர் மேலே உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும். அடியில் படுத்தவருக்கு ஊரில் ஒரு மரியாதை உண்டு. சட்டையெல்லாம் எண்ணெய், முகமெல்லாம் கரி, ‘பாவம், எம்புட்டுக் கஷ்டப்படுறாரு’ என்று நாலு பேர் நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். மேலே உட்கார்ந்து மிதிப்பவளை யாரும் பார்ப்பதில்லை. திட்டு மட்டும் முழுசாக அவளுக்குத்தான் வரும். எங்கள் வீட்டில் மேலே உட்கார்ந்தவள் நான்.

என் வீட்டுக்காரர் செல்லூரில் விசைத்தறி பிட்டர். ஒரு தறி நின்றுபோனால் இவரைக் கூப்பிடுவார்கள். போய்க் காதை வைத்துக் கேட்பார், ஓர் இடத்தில் தட்டுவார், தறி ஓடும். இதனால் இவர் மனசில் ஓர் எண்ணம் விழுந்துவிட்டது. உலகத்தில் உள்ள இயந்திரம் எல்லாமே தறிதான். சிலது துணி நெய்யும், சிலது நெய்யாது, அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் வீட்டு மிக்சியையும் அந்த எண்ணத்தோடுதான் திறந்தார். (இப்ப அம்மியிலதான் அரைக்கிறேன்.)

கார் விஷயத்துக்கு வருகிறேன். மூடிப்போன ஒரு மில்லில் மானேசர் வைத்திருந்த பழங்காலத்து வண்டி அது. உருண்டை மூஞ்சி, பெரிய கண்கள், மூக்கில் வெள்ளிக் கம்பி. மில் போன பிறகு எப்படியோ இவர் கைக்கு வந்து சேர்ந்தது. எங்கள் சந்தே அதை ‘மானேசர்’ என்றுதான் கூப்பிடும். “மானேசர் இன்னைக்கு எந்திரிச்சாராண்ணே?” என்று டீக்கடையில் விசாரிப்பார்கள். பெரும்பாலும் எழுந்திருக்க மாட்டார். காலியாகக் கிடந்த ஒரு தறிக் கொட்டகையில் பழைய போர்வையைப் போர்த்திக்கொண்டு படுத்திருப்பார்.

போன வருடம் எங்கள் மகள் ஈஸ்வரியின் பையனுக்குக் காதுகுத்து வைத்தார்கள். வாடிப்பட்டிக்கு அந்தப் பக்கம், அவள் புகுந்த வீட்டுக் குலசாமி கோயிலில். காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி வேண்டும். எங்கள் மகன் ராஜபாண்டிதான் மாமன். அவன் சீர்த் தட்டோடு நல்ல நேரத்துக்குள் போய் உட்கார வேண்டும், பிள்ளையை மடியில் வாங்க வேண்டும், ஆசாரி குத்த வேண்டும். மாமன் வரவில்லை என்றால் மற்றபடி யார் வந்தும் பிரயோசனம் இல்லை.

இதில் ஈஸ்வரிக்கு இன்னொரு கவலையும் இருந்தது. அவள் கல்யாணத்துக்கு நாங்கள் சீர் கொண்டுபோனது நூல் மூட்டை ஏற்றுகிற லோடு வண்டியில். அதை அவள் மாமியார் இன்னும் மறக்கவில்லை. “உங்க வீட்டுச் சீரு பஞ்சும் தூசியுமா வந்துச்சுல்ல” என்று பொங்கல் தீபாவளி தவறாமல் சொல்லிக் காட்டுவார். ஈஸ்வரி அதைக் கேட்டுக்கொண்டே அவருக்குச் சோறு போடுவாள். இந்தக் காதுகுத்திலாவது பிறந்த வீடு கௌரவமாக வந்து இறங்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை. போனில் அழாத குறையாகச் சொன்னாள்.

“அம்மா, நல்லதா ஒரு வாடகைக் காரு புடிச்சு வந்துருங்கம்மா. அப்பா காரு மட்டும் வேணாம்மா. உன் கால்ல விழுகுறேன்.”

“நான் சொல்றேன்த்தா,” என்றேன்.

சொல்லத்தான் செய்தேன். எனக்குச் சத்தமாகப் பேச வராது. பஸ்ஸில் டிக்கெட் கேட்டால்கூடக் கண்டக்டர் குனிந்து காதைக் கொடுப்பார். இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்த பக்கமாகப் போய் நின்று, “ஏங்க, வாடகைக் காரு...” என்று ஆரம்பித்தேன்.

“சொந்தக் காரு குத்துக்கல்லாட்டம் நிக்கிறப்ப வாடகைக் காரா? சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்க?”

குத்துக்கல் மாதிரி நிற்கிறது என்பதுதான் பிரச்சனையே. அதை நான் மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

மானேசருக்கு அப்போது இரண்டு சீக்கு. மேட்டில் ஏறும்போது இஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது. அது ஒன்று. ஸ்டார்ட் பண்ணும்போது சில நாள் அடிவயிற்றில் ‘கர்ரக்’ என்று பல்லைக் கடிக்கும். அது இன்னொன்று. இரண்டும் ஒரே இடத்துச் சமாச்சாரம்தான். இஞ்சினுக்குப் பின்னால் பிளைவீல் என்று கனமான ஓர் இரும்புச் சக்கரம் சுற்றுகிறது. கிளட்ச் தட்டு அதை இறுகப் பிடித்தால் வண்டி ஓடும். பெடலை மிதித்தால் பிடி விட்டுவிடும். பிடியே வழுக்கினால் இஞ்சின் தன் பாட்டுக்குக் கத்தும், வண்டி தன் பாட்டுக்கு நிற்கும். பிளைவீலின் ஓரம் முழுக்கப் பல் உண்டு. ஸ்டார்ட்டர் அந்தப் பல்லைப் பிடித்துத்தான் இஞ்சினை எழுப்புகிறது. எங்கள் பிளைவீலில் ஓர் இடத்தில் பல் தேய்ந்துவிட்டது. அந்த இடம் எதிரே வந்து நின்ற அன்றைக்கு எல்லோரும் இறங்கித் தள்ள வேண்டும். (இம்புட்டும் நானாப் படிச்சதில்ல. வருசக்கணக்கா சோத்தோட சேத்துக் கேட்டது. அஞ்சாப்புல இதையெல்லாம் சொல்லித் தரல.)

காதுகுத்து நெருங்கியதும் இவர் சீக்கைக் கண்டுபிடிக்கக் கிளம்பினார். செல்போனில் யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் வீடியோவைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“இந்தா, ஏறி உக்காரு. நான் சொல்றப்ப மிதி, சொல்றப்ப விடு.”

அதுவரை ஓட்டுகிறவர் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைக்கிற பொருள் அல்லவா? செருப்பைக் கொட்டகை வாசலில் கழற்றிவிட்டு, வலது காலை எடுத்து வைத்து ஏறினேன். அந்த வலது காலாலேயே கிளட்ச்சையும் மிதித்தேன். இவர் எட்டிப் பார்த்துவிட்டார்.

“எந்தக் கால வச்சிருக்க? இடது காலுடி!”

“மொத மொத ஏறிருக்கேன். எப்பிடிங்க இடது கால வைக்க?”

“பால் காய்ச்சவா வந்துருக்க? மாத்து கால!”

மாற்றினேன். சேலை பெடலில் சுற்றிக்கொண்டது. அதை எடுக்கக் குனிந்தபோது முழங்கை ஹாரனில் பட்டது. சந்தே எட்டிப் பார்த்தது. எனக்கு அப்போதே காரோடு சேர்த்துப் போர்வையைப் போர்த்திக்கொள்ளலாம் போல இருந்தது.

“ஹேண்ட் பிரேக்கு போட்டுருக்கேன். மேல் கியர்ல கெடக்கு. இப்ப மெதுவாக் கால எடு. கிளட்சு நல்லாருந்தா இஞ்சின் டப்புனு செத்துரும்.”

காலை எடுத்தேன். இஞ்சின் சாகவில்லை. கம்பீரமாக உறுமிக்கொண்டிருந்தது.

“செத்துருச்சா?”

“இல்லைங்க, நல்லா ஓடுது,” என்றேன் சந்தோசமாக.

“ஓடுனா போச்சுடி! எல்லாம் போச்சு!” என்று தலையில் அடித்துக்கொண்டார்.

பிறகு இஞ்சினை அணைத்துவிட்டு அடியில் படுத்தார். இஞ்சினும் கியர்பாக்சும் சேருகிற இடத்தில் எண்ணெய் சொட்டுப் போட்டிருந்தது. கிளட்ச் எண்ணெய் குடித்துவிட்டதாம். எண்ணெய் குடித்தது எதையும் பிடிக்காதாம். பிரித்து, எண்ணெயை அடைக்கிற ரப்பர் வளையத்தை மாற்றி, தட்டை மாற்றி, பிளைவீல் முகத்தைக் கடைசல் பிடித்து மாட்ட வேண்டும் என்று இவரே சொன்னார். ஒர்க்‌ஷாப்பில் கேட்டால் காதுகுத்து முடிந்த பிறகு வாருங்கள் என்றார்கள். நான் கும்பிடாத தெய்வமில்லை. இனி வாடகைக் கார்தான் என்று நிம்மதியாக உலையை வைத்தேன்.

அரிசி களைந்துகொண்டிருக்கும்போது வந்து நின்றார்.

“தறியில பெல்ட்டு வழுக்குனா என்ன செய்வோம்?”

எனக்குத் தெரியும். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

“குங்கிலியம்!” என்றார். முகம் அப்படிப் பிரகாசமாக இருந்தது.

தறிக்காரர்கள் பெல்ட் வழுக்கினால் குங்கிலியப் பொடியைத் தூவுவார்கள். சூட்டில் இளகிப் பிசின் மாதிரிப் பிடித்துக்கொள்ளும். அதே குங்கிலியத்தைத்தான் வெள்ளிக்கிழமை நான் தணலில் போட்டுச் சாமிக்குப் புகை காட்டுவேன்.

“ஏங்க, அது சாமிக்குப் போடுறது...”

“தறிக்குப் போடலையா? கிளட்சுக்குப் போட்டா என்ன?”

கியர்க் கம்பிக்குப் பக்கத்தில் தகட்டைக் கழற்றினார். உள்ளே கிளட்ச் கூட்டில் ரப்பர் அடைப்பு போட்ட ஓட்டை ஒன்று இருந்தது. நான் டார்ச் அடித்தேன். இவர் எண்ணெய் ஊற்றுகிற புனலை வைத்து முதலில் ஒரு சிட்டிகை போட்டார். பிறகு கொஞ்சம். பிறகு, “போடுறதப் போடுறோம், பத்தாமப் போயிரக்கூடாது” என்று தறி டப்பா காலியாகும்வரை போட்டார். அதோடு விடவில்லை. என் பூஜை அலமாரி டப்பாவும் காலி.

சோதனை ஓட்டம் போனோம். என்ன சொல்ல! மானேசர் மேம்பாலத்தில் இளங்காளை மாதிரி ஏறினார். இவர் ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். “வெளிநாட்டுக்காரனுக்குத் தெரியுமா இது?” என்றார். எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஈஸ்வரிக்குப் போன் போட்டு, “அப்பா காரு நல்லாருக்குத்தா” என்று சொல்லிவிட்டேன். “சாமி விட்ட வழிம்மா” என்று அவள் போனை வைத்துவிட்டாள்.

காதுகுத்து நாள். இவர் ஓட்ட, நான் முன்னால், ராஜபாண்டி பட்டு வேட்டியும் பட்டுச் சட்டையுமாகச் சீர்த் தட்டுகளோடு பின்னால். மற்ற சொந்தமெல்லாம் வேனில் பின்தொடர்ந்தது. நாலு வழிச் சாலையில் ஒரு குறையும் இல்லை. ஊர் எல்லையில் சம்பந்தி வீட்டார் கொட்டு மேளத்தோடு எதிர்கொண்டு நின்றார்கள். அங்கேதான் சனி பிடித்தது.

தாய்மாமன் சீர் என்றால் கொட்டுக்குப் பின்னால் ஆடி அசைந்து நடையாகத்தான் போகும். கொட்டுக்காரர்கள் ரெண்டு எட்டு வைப்பார்கள், நின்று அடிப்பார்கள், பிறகு ரெண்டு எட்டு. காரும் அப்படியே போக வேண்டும். கிளட்ச்சைப் பாதி மிதித்து, பாதி விட்டு, மறுபடி பாதி மிதித்து... இதை இவர் யோசிக்கவே இல்லை. எப்படி யோசிப்பார்? தறி ஊர்வலம் போகாதே.

கோயில் கண்ணில் பட்ட இடத்தில், கியர்க் கம்பியின் அடியிலிருந்து நூல் மாதிரி வெள்ளையாகப் புகை வந்தது. பிறகு காருக்கு அடியிலிருந்து, பிறகு முன் மூடியின் இடுக்கிலிருந்து. நல்ல வாசனை. வெள்ளிக்கிழமை வாசனை.

“ஏங்க...” என்றேன்.

“பேசாம வா.”

இரு பக்கமும் நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். “பாருடி, மாமன் வீட்டுல காருக்கு அடியிலயே தூபம் வச்சுக் கொண்டாராங்க! இப்பிடி ஒரு சீரு நான் பாத்ததில்ல!” கோயில் வாசலில் ஈஸ்வரி பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். அவள் காதிலும் அது விழுந்திருக்கும். முகம் அப்படியே மலர்ந்தது. அவள் கல்யாணத்தன்றுகூட நான் அந்த முகத்தைப் பார்க்கவில்லை. இப்படியே இந்தப் புகையோடு புகையாக நானும் போய்விட்டால் தேவலை என்று இருந்தது.

அப்போது, “ஏஏஏய்!” என்று ஒரு சத்தம். சம்பந்தியம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. கூந்தல் அவிழ்ந்து, கண் சிவந்து, நேராகக் காருக்கு முன்னால் வந்து நின்று ஆடினார். கொட்டு உச்சத்துக்குப் போனது.

“யாருடா என் வாசலுக்குப் புகை போட்டு வாரது?”

“தாய்மாமன் வீடு சாமி!” என்றார் பூசாரி.

“மனசு குளுந்துருச்சுடா! இன்னும் போடச் சொல்லு!”

பூசாரி இவர் பக்க ஜன்னலுக்கு ஓடி வந்தார். “அண்ணே, சாமி ஆசப்பட்டுக் கேக்குது. இன்னுங் கொஞ்சம் போடுங்கண்ணே.”

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். பின்னால் ராஜபாண்டி மெதுவாக, “அப்பா, வேணாம்ப்பா” என்றான். இவர் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஊரே கும்பிட்டு நிற்கும்போது எப்படிச் சொல்வார்? கிளட்ச்சைப் பாதியில் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை அழுத்தினார்.

போட்டது பாருங்கள் புகை! குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. ஆனால் குங்கிலியம் எவ்வளவு நேரம் தாங்கும்? வெள்ளைப் புகை பழுப்பானது, பழுப்பு கறுப்பானது. வெள்ளிக்கிழமை வாசனை போய் மயிர் கருகுகிற வாடை வந்தது. கும்பிட்டவர்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். சாமி இருமியது. கொட்டுக்காரர்களும் இருமிக்கொண்டே அடிப்பதை நிறுத்தினார்கள்.

“என்னடா வாட இது?” என்றது சாமி.

சாமி காரைச் சுற்றிக்கொண்டு என் பக்க ஜன்னலுக்கு வந்தது. குனிந்து என் முகத்தை உற்றுப் பார்த்தது.

“நீ சொல்லு தாயி. என்ன போட்டீங்க?”

மனுசர் கேட்டால் மழுப்பிவிடலாம். சாமி கேட்டால் எப்படிப் பொய் சொல்வது? உள்ளது வாயில் வந்துவிட்டது.

“சாமி... அது கிளட்சு.”

எப்போதும் பேசுகிற குரலில்தான் சொன்னேன். பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காத குரல். ஆனால் கொட்டு நின்றுபோயிருந்தது. கோயில் வளாகம் முழுக்கக் கேட்டது.

சாமி என்னைப் பார்த்தபடியே நின்றது. பிறகு, பக்கத்து வீட்டில் உப்புக் கேட்கிற குரலில், “கிளட்சா?” என்றது.

“ஆமா மதினி. வழுக்குச்சு. அதான் குங்கிலியம் போட்டாரு.”

எங்கேயோ ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான், கூட்டம் முழுக்கச் சிரிப்பு பிடித்துக்கொண்டது. இவருக்கு வந்த ஆத்திரத்திலும் அவமானத்திலும் காலைக் கிளட்ச்சிலிருந்து வெடுக்கென்று எடுத்துவிட்டார். உள்ளே இளகிக் கிடந்த பிசின் பிளைவீலைக் கப்பென்று கவ்வியது. மானேசர் ஒரே தாவலாகத் தாவினார். எல்லோரும் சிதறி ஓடினார்கள். அத்தனை பேரிலும் முதலில் தாவிச் சுவர்மேல் ஏறியது சாமிதான்.

கோயிலுக்குப் போகிற பாதைக்கு இரு பக்கமும் இடுப்பளவுக்குச் சுவர் கட்டியிருந்தார்கள். கார் அந்த இரண்டு சுவருக்கும் நடுவில் போய்ச் சொருகிக்கொண்டு இஞ்சின் அணைந்தது. இந்தப் பக்கக் கதவு ஒரு சாண் திறந்தது. அந்தப் பக்கம் அதுவும் இல்லை. இவர் சாவியைத் திருகினார். ‘கர்ரக்.’ தேய்ந்த பல் சரியாக அந்த நேரம் பார்த்து எதிரே வந்து நின்றிருக்கிறது. பெடலை மிதித்தால் தட்டு பிரியவில்லை, பிசின் ஒட்டிவிட்டது. கியரும் அசையவில்லை. பின்னாலிருந்து இளவட்டங்கள் தள்ளினார்கள். “தள்ளாதீங்கப்பா, பிளைவீலு போயிரும்!” என்று இவர் கத்தினார். பிளைவீலாம் பிளைவீல்!

“நல்ல நேரம் முடியப் போகுதுப்பா,” என்றார் பூசாரி. ஆசாரி ஊசியோடு நின்றார். பிள்ளை வெளியே இருக்கிறது, மாமன் உள்ளே இருக்கிறான்.

ராஜபாண்டி ஜன்னல் வழியாக வரப் பார்த்தான். தலை வந்தது, தோள் வந்தது, வயிறு வரவில்லை. ரெண்டு பேர் இழுத்தும் வரவில்லை. மறுபடி உள்ளே தள்ள மூன்று பேர் வேண்டியிருந்தது. ஈஸ்வரி சுவரோரம் நின்று உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. நான் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன்.

சுவர்மேல் நின்றபடியே சம்பந்தியம்மா கூந்தலை அள்ளி முடிந்தார். “என்னடா பாத்துக்கிட்டு நிக்கிறீங்க? மாமன் எங்கருக்கானோ அங்கதாண்டா மடி இருக்கு! புள்ளையக் குடுங்க உள்ள!”

பிள்ளை ஜன்னல் வழியாக உள்ளே போனான். ஆசாரி சுவர்மேல் குத்தவைத்து உட்கார்ந்து, தலையையும் ரெண்டு கையையும் காருக்குள் விட்டார். பிள்ளை வீறிட்டு அழுதான். அவனைச் சமாதானப்படுத்த இவர் ஹாரன் அடித்தார். அந்தக் காரில் வேலை செய்த ஒரே பொருள் அதுதான். மறு காதுக்குத் திருப்பி உட்கார வைத்து, அதையும் குத்தினார்கள். நல்ல நேரத்துக்குள் முடிந்துவிட்டது. பின்னால் வேனில் வந்தவர்கள் சுவரேறிக் குதித்துப் பந்திக்குப் போனார்கள்.

காரை வெளியே எடுத்த பிறகுதான் நான் இறங்கினேன். ஈஸ்வரி சோற்றுத் தட்டோடு வந்தாள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தட்டை என் மடியில் வைத்தாள்.

“அம்மா, இத்தன வருசமா உனக்கு வாயே கெடையாதுன்னு நெனச்சுட்டு இருந்தேன். தொறந்தா இப்பிடியாம்மா தொறப்ப?”

சொல்லிவிட்டு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பா அழுகையா என்று எனக்கு இன்றைக்கும் சரியாகத் தெரியாது.

காரைப் பிறகு பிரித்துப் பார்த்தார்கள். பிளைவீல் முகம் முழுக்க நீலமும் கறுப்புமாகக் கருகி, கிளட்ச் தட்டு அதன்மேல் கடலை மிட்டாய் மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்ததாம். உளி வைத்துத்தான் பெயர்த்தார்களாம். “இதுவே தறியா இருந்தா ஓடிருக்கும்” என்றார் இவர். கோயிலில் பேசினதே போதும் என்று நான் இருந்தேன்.

சம்பந்தியம்மா பஞ்சும் தூசியும் பற்றி இப்போது பேசுவதில்லை. அதைவிடப் பெரிசாகக் கிடைத்துவிட்டதே! ரெண்டு வீட்டிலும் பால் பொங்கிக் கருகினாலும், பிள்ளை ஜட்டியோடு ஆய் போனாலும், யாராவது ‘என்ன வாட இது?’ என்று கேட்க வேண்டியதுதான் பாக்கி. ‘சாமி, அது கிளட்சு’ என்று எல்லா அறையிலிருந்தும் பதில் வரும். பேரன்கூட இப்போது மழலையில் சொல்கிறான்.

இந்த வருடம் அந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனோம். (பஸ்ஸுலதான்.) கொட்டு அடித்தார்கள். சம்பந்தியம்மாவுக்கு உடம்பு சிலிர்த்தது, தலை ஆடியது, கூந்தல் அவிழ்ந்தது. கண்ணைத் திறந்தவர் கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டார். அவ்வளவுதான். ஆட்டம் நின்றது.

“வாங்க மதினி. எப்ப வந்தீங்க? சாப்டீங்களா?” என்று கேட்டுக்கொண்டே கூந்தலை முடிந்துகொண்டார்.

கொட்டுக்காரர்கள் அடித்து அடித்துப் பார்த்தார்கள். சாமி வருவதாக இல்லை. கடைசியில் பூசாரி கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் வந்தார்.

“அம்மா, தப்பா நெனச்சுக்கிறாதீங்க. சாமி வந்து குறி சொல்லி முடிக்கிற வரைக்கும் கொஞ்சம் அந்த அடுப்படிப் பக்கம் போயி நின்னுக்கிருங்களேன்.”

போய் நின்றேன். அங்கிருந்தும் முகம் தெரிகிறதாம். திரும்பி நிற்கச் சொன்னார்கள். பொங்கப்பானைகளைப் பார்த்துக்கொண்டு, ஊருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றேன்.

நின்ற மறு நிமிடம் எனக்குப் பின்னால், “ஏஏஏய்!” என்று சாமி இறங்கிவிட்டது.